மைதாப் பசை

கொரடாச்சேரிக்கு டிக்கெட் இருந்தும்
நீடாமங்கலத்திலேயே இறங்கிவிட்டான் அண்ணன்.
பங்குனி. வெண்ணாற்றில் மணல்தான்.
கரையோடு நடந்தால் எதிரில் வருவது
உளுந்து பறிக்கப் போகும் பெண்கள் மட்டும்.
அவர்களும் தலைச்சுமைக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

விடியும்போது கொல்லையில் நின்றான்.
கறுப்பு டிரங்குப் பெட்டியில்
வெள்ளையாய் எழுதியிருந்த நம்பரையும் பேரையும்
ரயிலிலேயே பிளேடால் சுரண்டியிருந்தான்.
கடைசி இரண்டு எழுத்து போகவில்லை.

இளவழுதி.
கட்சிக்காரரான அப்பா தேடித் தேடி வைத்த பேர்.
வடக்கத்தி சுபேதாருக்கு அது வாயில் நுழையாமல்
'லவ்லி' என்றே இரண்டு வருஷம் கூப்பிட்டாராம்.

கப்பல் வந்த அன்று
வரவேற்க வரவேண்டியவர்கள் வரவில்லை என்று
பேப்பரில் போட்டிருந்தது.
படித்துவிட்டுக் கைதட்டினோம்.
நாங்கள் என்றால் ஐ.டி.ஐ. பையன்கள் ஏழெட்டுப் பேர்,
அப்புறம் நான்.
'தமிழனைக் கொன்ற படையே' என்று தொடங்கும் போஸ்டர்
ரைஸ்மில் சுவர் முழுக்க.
பசை காய்ச்சியது எங்கள் வீட்டு அடுப்பில்.
இரண்டு கிலோ மைதா,
பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை.
மைதா வாங்கிய காசு
அவன் அனுப்பிய மணியார்டர்.

சலூன் தட்சிணாமூர்த்தி
முடிவெட்டிவிட்டுக் காசு வாங்கவில்லை.
'இருக்கட்டும்' என்றார், துண்டை உதறியபடி,
கண்ணாடியில்கூட அவனைப் பார்க்காமல்.
அடுத்து உட்கார இருந்தவர்
நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போனார்.

முத்துப்பேட்டையிலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது.
போன தையில் எட்டுப் பொருத்தம் இருந்தது அதற்கு.

எத்தனை பேரடா, என்று
கூட்டுறவு வங்கி வாசலில் ஒருவர் கேட்டார்.
நல்ல மனிதர். எனக்கு ஃபீஸ் கட்டியவர்.
'மொழிபெயர்ப்புத்தான் சார் பார்த்தேன்' என்றான்.
அவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேனா,
அது சரியாக நினைவில்லை.

மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று
பம்புசெட்டில் ஒரு ராத்திரி அவனாகச் சொன்னான்.
கதவைத் தட்டிவிட்டு இவனை முன்னால் விடுவார்களாம்.
பயப்படாதீங்கம்மா, திறங்க.
பயப்படாதீங்கம்மா.
'சுட்டிருந்தாக்கூட சுட்டேன்னு சொல்லிரலாம்டா.
என் குரலைக் கேட்டுல்ல திறந்தாங்க.'
மோட்டாரை நிறுத்தப் போனவன்
வெகுநேரம் வரவில்லை.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார் குகதாசன்.
படகில் வந்தவர். முகாமில் இருந்து
பஞ்சர் ஒட்டப் பழகியவர்.
ஒருநாள் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
நேராக அவர் முன்னால் போய் நின்றான்.
எதிரே வெற்றிலைக் கடையில் பேச்சு நின்றது.
என்னவோ நடக்கப்போகிறது என்று
நான் காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.
யாரை அடிக்க என்று கேட்டால் தெரியாது.

டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி கேட்டார்:
'அண்ணை, எங்க நிண்டனீங்கள்?'
'புத்தூர்ப் பக்கம்.'
குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார்.
'நிலாவரைக் கிணறு பாத்தனீங்களோ?'
'பாத்தேன். அடி தெரியல.'
'ஒருத்தருக்கும் தெரியாது' என்றார்.

அவ்வளவுதான் பேச்சு.
இரண்டு ரூபாய் கேட்டார்.
அஞ்சு ரூபாய்த் தாளை வாங்கிச்
சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

'காசு வாங்கிக்கிட்டார்டா,'
வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தான்.
அவன் மிதிக்க, பின்னால் கேரியரில் நான்.
ரைஸ்மில் பக்கம் திரும்பும்போது
வேகத்தைக் குறைத்தான்.
'எவன்டா ஒட்டுனான் இதை? நல்லா ஒட்டிருக்கான்.
பிளேடு வச்சுக்கூடச் சுரண்டிப் பாத்தேன்.
வரல.'

மயில்துத்தம் போட்டிருப்பாங்க, என்றேன்.